பட்டறைக்கும் ஒரு பங்கு
தென்காசி அருகே இலத்தூர் குளத்துக்குக் கீழே ஒருவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த மம்பட்டியைப் பார்த்ததும், 2025 ஏப்ரலில் கைக்கருவி ஏற்றுமதி பற்றி நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை நினைவுக்கு வந்தது. அதன்படி உலகக் கைக்கருவி வணிகம் சுமார் 3,400 கோடி டாலர். சீனாவின் ஏற்றுமதி 1,300 கோடி, நம்முடையது 60 கோடிதான். இரும்பு விலை, கடன் வட்டி போன்றவற்றால் சீனாவைவிட நமக்கு 14 முதல் 17 சதவீதம் வரை செலவு கூடுகிறதாம். ஏற்றுமதியாகும் ஜலந்தர் ஸ்பேனருக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் நம் ஊர்க் கொல்லுப்பட்டறை ஆசாரி செய்கிற வேலை எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் வராது. வெட்டுகிறவரின் உயரம் பார்த்துக் கணை என்னும் கைப்பிடியின் சாய்வை வைக்கிறார். தேய்ந்த வாயைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்து இன்னொரு பூவுக்கு, அதாவது இன்னொரு சாகுபடிக்கு, உழைக்க வைக்கிறார். கடையில் வாங்கும் மம்பட்டிக்கும் கடைசியில் அவர்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்துவருவதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. ஏற்றுமதிக்காக 4,000 ஏக்கரில் தொழில் தொகுப்புகள் அமைக்கலாம் என்கிறது அறிக்கை. தாராளமாக அமைக்கட்டும். அதோடு தென்காசி வட்டாரத்துக் கொல்லுப்பட்டறைகளுக்கு மின்சுத்தியலும் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.