சேவைக்கு வாங்கோ, கதிரைக்கு வேண்டாம்

போன மாரியில் வெள்ளம் வந்தபோது எங்கட பீடத்தில் நிவாரணம் சேர்த்தோம். எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம், கைக்குழந்தை எத்தனை, நடக்க முடியாத ஆக்கள் எத்தனை பேர் என்று கிராம சேவகர்களுக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கொப்பியில் எழுதியது எங்கட பட்ச் பெட்டையள் இரண்டு பேர். இரவிரவாக இருந்து பொதி கட்டியவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தான். கையளிக்கிற நாள் மைக் பிடித்தது, அதிபரோடு கைகுலுக்கியது, பேஸ்புக்கில் படம் வந்தது எல்லாம் பெடியள். அந்தப் படத்தில் கொப்பி எழுதிய பிள்ளையும் இருக்கிறா. அரிசி மூட்டைக்குப் பின்னால், பாதி முகம்.

இதைக் கதைத்தால், "நீங்களும் முன்னுக்கு வந்திருக்கலாம்தானே, ஆர் மறிச்சது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒருவரும் கையைப் பிடித்து மறிக்கவில்லை. இதை எழுதுகிற எங்களுக்குள்ளும் பெடியள் இருக்கிறார்கள். படத்தில் முன்னுக்கு நின்றவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு எங்களில் ஒருவருக்குமே அது பிழையாகத் தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

பிறகு ஒரு ஒப்படைக்காக டொக்டர் மேரி இரட்ணத்தைப் பற்றித் தேட வேண்டி வந்தது. அதுவரை அந்தப் பெயரை எங்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன சொல்ல. வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

மேரி 1873 இல் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் ரொறன்ரோவில் படித்து டொக்டர் ஆனவர். 1896 இல் மருத்துவ மிஷனரியாக இலங்கைக்கு வந்தார். வேலை செய்ய வேண்டிய இடம் எங்கட இணுவில் மிஷன் ஆஸ்பத்திரி. ஆனால் அவர் இலங்கைத் தமிழர் ஒருவரைக் கலியாணம் முடித்திருந்தார். வெள்ளைக்காரப் பெண் சுதேசி ஒருவரை முடித்தது மிஷனுக்குப் பொறுக்கவில்லை, உறவு முறிந்தது. சேவை செய்யக் கப்பல் ஏறி வந்தவரை, சேவையைப் பற்றியே எந்நேரமும் கதைக்கிற ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் திரும்பிப் போகவும் இல்லை. கொழும்பில் பெண்கள் வைத்தியசாலையில் வேலை செய்தார், பிறகு தனியாக வைத்தியம் பார்த்தார்.

இந்த இடத்தில் எங்களுக்குள் நல்ல சண்டை வந்தது. டொக்டர் வேலையே பெரிய சேவைதானே, அதற்கு மேல் ஏன் சங்கம் என்று ஒரு நண்பன் கேட்டான். எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம். பிரசவம் பார்க்கிற டொக்டருக்கு, முன்னால் இருக்கிற பெண்ணின் இரத்தச்சோகை மட்டும் தெரிவதில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது ஆர், எத்தனை பிள்ளை பெறுவது என்று முடிவெடுப்பது ஆர், காசு ஆர் கையில் என்பதும் தெரியும். அதற்கெல்லாம் துண்டில் மருந்து எழுத முடியாது. மேரி இரட்ணம் பாடசாலைகளுக்கான சுகாதார நூல் எழுதியதையும், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வேலை செய்ததையும், தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் தொடக்கத்தில் முன்நின்றதையும் நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

1930 இல் அவர் தொடங்கியது லங்கா மகிளா சமித்தி. அப்போது வயது 57. ஒன்ராறியோவில் 1897 இல் ஆரம்பித்த கிராமத்துப் பெண்கள் சங்கங்கள்தான் அதற்கு மாதிரி. சுகாதாரம், போசாக்கு, கைப்பணி என்று போகிற அதன் வேலைத்திட்டத்தை இன்றைக்கு வாசித்தால் கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். ஆனால் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாரும் ஊர்ப் பெண்களேயான ஒரு சங்கத்தில் கூட்டம் கூட்டுவது, அறிக்கை வாசிப்பது, கணக்குக் காட்டுவது, எதிர்த்துக் கதைப்பது எல்லாவற்றையும் அவர்களேதான் செய்ய வேண்டும். எங்கட பீடத்தில் எங்களுக்குக் கிடைக்காத பயிற்சி அது.

அதற்கு முன்னமே, 1927 இல், பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் இருந்தார். அந்தச் சங்கம் டொனமூர் ஆணைக்குழு முன் போய்ச் சாட்சி சொன்னது. தோட்டத்தில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்கு என்று அங்கே கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தது. 1931 இல் ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்குக் கிடைத்தது. (1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டமும் அதே தோட்டத்துப் பெண்களிடமிருந்து வாக்கைப் பறித்தது வேறு கதை. இல்லை, வேறு கதையும் இல்லை.)

அந்த வாக்குரிமையை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண் பிள்ளைகளுக்கென்று மருதனார்மடத்தில் கல்லூரி கட்டிய அதே மனிதர். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்தான், அதில் சந்தேகம் இல்லை. படித்த பிள்ளை வாக்குச் சாவடிக்கு வருவதுதான் பிரச்சினை. எங்கட வீடுகளில் இந்த இராமநாதன் இன்னும் இருக்கிறார். ஏ/எல் இற்கு எத்தனை டியூசனுக்கும் காசு கட்டுவார், கம்பஸுக்கு பஸ் ஏற்றியும் விடுவார். யூனியன், எலெக்சன் என்று கதைத்தால் மட்டும் முகம் மாறும்.

மேரி இரட்ணம் 1937 இல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் நின்று வென்றார். இலங்கையில் மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். 64 வயதில்! ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனத்தை இல்லாமல் செய்தார்கள். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விருது கொடுக்க எல்லாருக்கும் விருப்பம், கதிரை கொடுக்கத்தான் மனமில்லை என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். கொஞ்சம் மிகைதான், என்றாலும் மறுக்க முடியவில்லை.

அவரைப் பெரிய தியாகியாக்கிக் கும்பிடவும் எங்களுக்கு விருப்பமில்லை. டொக்டர் என்ற பட்டம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, கொழும்பில் வீடு இருந்தது, வெள்ளைத் தோல் இருந்தது. ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்றைத் தட்ட வசதி இருந்தது. அது எல்லாருக்கும் இருக்காது.

எங்கட ஊரில் ஒரு அன்ரி இருக்கிறா. குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவ. சண்டை நேரம் பங்கருக்குள் பிரசவம் பார்த்தவ என்று அம்மாக்கள் சொல்வார்கள். எங்கட வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளை அவதான் முதலில் தூக்கியிருப்பா. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைப் பல வருசம் கொண்டு நடத்தினா, சுழற்சிக் கடனில் ஒரு சதம் பிசகவில்லை. உள்ளூராட்சித் தேர்தலுக்கு அவவைக் கேட்டபோது ஊரே திரும்பியது. "அவ நல்ல மனுசி, ஏன் இந்தச் சாக்கடைக்குள்ள இறங்கப் போறா?" என்றார்கள். பாராட்டுப் போலத்தான் கேட்கும். கேட்டுப் பார்த்தால், கணக்கு வழக்குத் தெரிந்த ஒரு மனுசியை வீட்டுக்குள் இருத்துகிற வேலையை அந்தப் பாராட்டு வடிவாகச் செய்துவிட்டது. அவ நிற்கவில்லை. அந்த இடத்துக்கு, கட்சிக்காரர் ஒருவரின் மனைவியின் பெயரைப் பட்டியலில் போட்டார்கள். அவரும் பாவம், பிரசாரத்துக்கே வரவில்லை.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2016 இல் வந்தது, 2018 தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் அங்கே பெண்கள் ஏறத்தாழ 2 வீதம். ஒதுக்கீடே பிழை, திறமை இருந்தால் தானாக வருவார்கள் என்று சொல்கிற நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அந்த அன்ரியிடம் இல்லாத எந்தத் திறமை உங்கட தவிசாளர்களிடம் இருந்தது? ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது, பட்டியலை நிரப்பப் பெயர் தேடுகிற கூத்தும் நடக்கிறது. அதற்காகக் கதவைத் திரும்பப் பூட்டச் சொல்வது சரியில்லை. ஒதுக்கீடு இல்லாத பாராளுமன்றத்தைப் பாருங்கோ, 2024 தேர்தலுக்குப் பிறகும் பெண்கள் 10 வீதத்தைத் தொடவில்லை.

எங்கட மாணவர் ஒன்றியத்தில் ஒதுக்கீடும் இல்லை, சட்டமும் இல்லை. பீடத்தில் பெண்கள்தான் கூட. தலைவர் எப்பவும் பெடியன், பெண்ணுக்கு உபசெயலாளர், எழுத்து வடிவாக இருக்கும் என்பதால். இந்த வருச வேட்புமனுவுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கு. வெள்ளத்துக்குக் கொப்பி எழுதின பிள்ளையிடம், தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முன்மொழிய ஆள் இருக்கு, வழிமொழியவும் ஆள் இருக்கு. அதில் ஒருவன் அந்தப் படத்தில் மைக் பிடித்தவன்தான். "வீட்ட கேட்டுட்டுச் சொல்றன்" என்று சொல்லியிருக்கிறா.