அக்கா எண்டால் அக்காதான்

சின்ரெல்லா கதையைச் சின்னனில கேட்டதோட, மாற்றாந்தாயின் மகள் எண்டாலே பொல்லாதவள் எண்டு முடிவு கட்டிட்டம். ஆனால் மறுமணம் நடந்த வீடுகளில இரு பக்கத்துப் பெட்டையளும் ஒரே அறையில படுத்து, ஒரே கண்ணாடியில தலை இழுக்கினம். சண்டை வாறது சட்டைக்கும் சார்ஜருக்கும். சொந்த அக்கா தங்கச்சி பிடிக்காத சண்டையா அது? இந்த உறவுக்கு எங்கட பேச்சில தனிச் சொல்லும் இல்லை. அக்கா எண்டால் அக்காதான். அது எங்களுக்குப் பிடிச்சிருக்கு.

பிரிக்கிறது காணி. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமையைப் பாருங்கோ. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால், சிறுபிள்ளைகளை அம்மம்மாவோ நெருங்கிய உறவோ பொறுப்பெடுப்பார்கள். தாயின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்தில் பாதியையும் தகப்பன் அவர்களோடு ஒப்படைக்க வேண்டும். பிள்ளையின் பங்கைக் காப்பாற்ற நல்ல ஏற்பாடுதான், மறுக்கேல்ல. ஆனால் இரு பக்கத்துப் பிள்ளையளும் ஒரு வீட்டில வளரலாம் எண்ட நினைப்பு அதில இல்லை.

இண்டைக்கும் கலியாணப் பேச்சு வந்தால்தான் "அவள் இவரின்ர சொந்தப் பிள்ளை இல்லைத்தானே" எண்டு பெரியாக்கள் இழுப்பினம். பதினைஞ்சு வருசம் அக்காவா இருந்தவள் அண்டைக்குப் பிறத்தியாள். வீடு ஆருக்கு, காணி ஆருக்கு எண்டதை அதுக்கு முதலே ரெண்டு பேரையும் இருத்தி வைச்சுக் கதையுங்கோ, உறுதியும் எழுதுங்கோ எண்டுதான் கேட்கிறம்.