பெரியம்மா குற்றவாளியா?

முத்தாண்டிக்குப்பம் காலனியில் முந்திரிக்கொட்டை உடைச்சே காலத்தை ஓட்டினவ எங்க பெரியம்மா. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவ விரல் நுனியில் ரேகையே இருக்காது. ஒருநாள் விடிகாலை, தோப்பில் பழம்புடவையில் சுத்திக் கிடந்த பெண் குழந்தையைத் தூக்கிட்டு வந்தா. "பசிக்கு அழுவுது, அதுக்கென்ன சாதி தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான் எனக்கு அக்கா.

அக்கா மேல்படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஒரு அதிகாரி சொன்னார்: "யார் பெத்ததுன்னே தெரியாதவளுக்கு எந்தச் சாதின்னு எழுதறது?" பெரியம்மா கேட்டாள்: "எழுதாம விட்டுடுங்க சாமி, ஆனா அவ படிக்க வழி சொல்லுங்க." வழி சொல்ல ஆளில்லை. அக்காவும் கொட்டை உடைக்கப் போனாள்.

இன்றைக்குப் பெரியம்மா அப்படிச் செய்திருந்தால் அவள் குற்றவாளி. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கண்டெடுத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். முறைப்படி அல்லாமல் தத்துக் கொடுத்தாலும் எடுத்தாலும் 3 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

தோழர்களே, இந்தச் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் சேரிக் குழந்தைகளும் நடைபாதைக் குழந்தைகளும் கடத்தப்பட்டு, அநாதை என்று காகிதம் தயாரிக்கப்பட்டு, வெளிநாடுகளுக்குத் தத்து என்ற பெயரில் அனுப்பப்பட்டது 2005இல் அம்பலமானது. பறிகொடுத்தவர்கள் நம் சனங்கள். கண்காணிப்பு நமக்குத்தான் அதிகம் தேவை. நம் கேள்வி வேறு: இந்தச் சட்டத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

சாஸ்திரம் சொன்ன தத்து என்ன? கொள்ளி போட ஓர் ஆண் பிள்ளை, அதுவும் சொந்தச் சாதியில். பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் தத்தெடுப்பும் ஒரு பகுதி. அதை முடக்கினார்கள், 1951இல் அவர் அமைச்சர் பதவியை உதறினார். பிறகு 1956இல் வந்த சட்டம் பெண் குழந்தைக்கும் தத்துரிமை தந்தது, சாதித் தடையையும் நீக்கியது. சட்டம் சாதி கேட்பதை நிறுத்திவிட்டது. சனங்கள் நிறுத்தினார்களா? "பிள்ளை கலரா இருக்குமா? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பது வேறென்ன?

1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2011இல் நம் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்குட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைக்கு இங்கே 896 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தொட்டில் வைத்தார்கள், சரி. தொட்டிலில் போடாமலே வளர்க்க அந்தத் தாய்க்கு என்ன வைத்தார்கள்?

இல்லத்துக்கு வரும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கிறது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் கணினியில் பதிய வேண்டும். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டு ஆய்வு, கட்டணம். முன்பு நீதிமன்றம் தந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மாதச் சம்பளக்காரருக்கு இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக் கூலியாய் நிற்கிறவருக்கு? பெற்றவளும் ஏழை, வளர்க்க ஆசைப்பட்டும் வரிசையில் நிற்க முடியாதவளும் ஏழை. குழந்தை மட்டும் ஒரே திசையில் போகிறது.

பெற்றவள் ஒப்படைப்புப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாலும், மனசு மாறினால் இரண்டு மாதத்துக்குள் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? வறுமையால் பிள்ளை பிரியாமலிருக்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. எந்தச் சேரித் தெருவில் அதைத் தண்டோரா போட்டார்கள்?

ஆகவே மாணவத் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு உங்கள் ஊராட்சியில் கூடுகிறதா, அதில் காலனிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளா என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுங்கள். பத்திரத்தில் கைநாட்டு வைக்கப் போகிறவளோடு கூடப் போங்கள். இரண்டு மாதக் கெடுவை அவள் பேச்சிலேயே சொல்லுங்கள். பிள்ளை இல்லாத கூலிக்காரர் பதிய வந்தால் கணினி முன்னால் நீங்கள் உட்காருங்கள்.

சாதி கேட்காமல் ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளப் பெரியம்மாவுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. அவள் செய்ததை அவள் பேத்திகள் சட்டப்படியே செய்ய வழி வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.