சேமிப்பகமும் எழுதிவைத்த முறைமையும்

இறக்காமக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் எம்மூரவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். குளம் நிறைந்திருத்தல் மட்டும் விளைவுக்குப் போதாது. எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் அடைப்பது என்பனவற்றைப் போகத் தொடக்கத்திற் கூட்டங்கூடித் தீர்மானித்து எழுதிவைப்பர். வட்டை விதானையார் அதன்படி நடப்பர். விதானையார் மாறினும் முறைமை மாறாது. கணினிச் சேமிப்பகங்களுக்கும் இவ்வொழுங்கு வேண்டும் என்பதே யாம் இங்குக் கூற விழைவது.

இவ்வெண்ணம் எமக்கு ஓர் இழப்பினால் உண்டாயிற்று. எம்மூர் மூதாட்டியர் பாடிய நாட்டார் கவிகளை ஒலிப்பதிவு செய்து, ஒரு நிறுவனத்தின் வலையமைப்புச் சேமிப்பகத்திற் காக்கக் கொடுத்திருந்தோம். இரவுதோறும் படியெடுக்குமாறு அதனை அமைத்த அலுவலர் மாற்றலாகிச் சென்றார். பின்னர்ப் புதிய கருவியை வைத்தவர்கள் அந்த ஒரு கட்டளையை இட மறந்தனர். தவறுதலாகப் பதிவுகள் அழிந்தபோது மீட்பதற்குப் படி இல்லை. பாடியவருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். யாம் எவரையும் நோகவில்லை. முறைமை ஒருவரது நினைவில் மட்டும் இருந்ததே குற்றம்.

இதற்கு மருந்து உண்டு. 2005 இல் லூக் கானிஸ் என்பார் தொடக்கிய பப்பெட், 2012 இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட அன்சிபிள் முதலிய மென்பொருள்கள் இதன்பொருட்டு எழுந்தனவே. கருவி எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பதை ஏட்டில் எழுதிவிட்டால், மொடியூல் எனப்படும் சிறு நிரல் அந்நிலையை உண்டாக்கும். நல்ல மொடியூல் முதலிற் கருவியின் இன்றைய நிலையைக் கேட்டறியும், ஏட்டுடன் ஒப்பிடும், குறையிருப்பின் அதனை மட்டும் திருத்தும், குறையின்றேல் கைவைக்காது. பத்துமுறை இயக்கினும் விளைவு ஒன்றே. எதனையும் மாற்றாமல், இன்னது மாறும் என்று முன்கூட்டியே காட்டுமாறும் அதனை இயக்கலாம்.

நெட்அப் போன்ற நிறுவனங்களின் கருவிகளுக்கு ஆயத்த மொடியூல்கள் உளவே, நாமும் எழுதுவானேன் என்பார் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. உள்ளதை விடுத்துப் புதிது புனைதல் வீண்வேலை. ஆயினும் பழைய கருவிக்கோ, அதிகம் வழங்காத கருவிக்கோ ஆயத்தமானது கிடையாதபோது, பைதன் மொழியில் நாமே எழுதுதல் தகும்.

ஆனால் எழுதுவோர் ஒன்றை மறத்தலாகாது. நெல் பொய்த்தால் அடுத்த போகம் உண்டு. படியின்றி அழிந்த பதிவுக்கு மறுபோகம் இல்லை. ஏட்டிற் பெயரில்லாத சேமிப்புப் பகுதியைத் தேவையற்றதெனக் கொண்டு நீக்கும் மொடியூல், ஒருவரது மறதியைப் பேரழிவாக்கிவிடும். ஆதலின், பெயரின்மையை அழிக்கும் ஆணையாகக் கொள்ளாது, வெளிப்படையாகக் கட்டளையிட்டு மற்றொருவரும் ஒப்பிய பின்னரே நீக்குமாறு அதனை ஆக்குதல் வேண்டும். வெற்றுக் கருவியிற் சோதித்த பின்னரே மெய்க்கருவியில் இயக்குக. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதற்க. ஒரே கருவிக்குள் எடுத்த படி அக்கருவி பழுதுறின் உதவாது. வேறோரிடத்தும் ஒரு படி வைக்க.

இவை யாவினும் முதன்மையானது மற்றொன்று. எழுதியவர்க்கு மட்டுமே விளங்கும் மொடியூல், பழையபடி ஒருவரது நினைவிலேயே முறைமையை அடைத்துவைப்பதாகும். ஒவ்வோர் அமைவும் ஏன் வேண்டப்பட்டது என்ற விளக்கம் உடனிருத்தல் வேண்டும். எம்மவர் அலுவலகங்களில் அது தமிழிலும் இருத்தல் நன்று.

இக்கல்லூரியிற் கற்றுக் கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித்துறையிற் பணியாற்றும் பழைய மாணவ அன்பர்களே! விடுமுறையில் ஊர் திரும்பும்போது, இக்கலையை நம் மாணாக்கர்க்கு ஓரிரு நாளேனும் கற்பியுங்கள். நீங்கள் எழுதும் விளக்கங்களின் தமிழைத் திருத்தித் தருதல் எம் கடன். இழந்த கவிகள் மீளப்போவதில்லை. இனிப் பதிவாகுவனவேனும் எஞ்சுக.