பூண்டு உரிக்க எவ்வளவு?

மேனேஜர் ஃபைலை மேஜை மேல் விட்டெறிந்த பத்தாவது நிமிஷம், டீக்கடையில் நிற்கிற ஒவ்வொரு குமாஸ்தாவுக்குள்ளும் ஒரு தொழிலதிபர் பிறக்கிறார். 'போதும்டா சாமி, வீட்லயே எதையாவது பண்ணிப் பொழைச்சுக்கலாம்!' வாடகை கிடையாது, பஸ் நெரிசல் கிடையாது, கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வடை தீர்வதற்குள் இந்தத் தொழிலதிபர் காலமாகி விடுவார். சிலரிடம் மட்டும் சாயங்காலம் வரை உயிரோடு இருந்து, ராஜினாமாக் கடிதம் எழுத வைத்துவிடுகிறார்.

அப்படிக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர் எனக்கு மேல் மாடி. தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் மனைவி இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுப் பொடி செய்து விற்கிறார். நிஜமாகவே ருசி. இட்லி கல்லு மாதிரி இருந்தாலும் மன்னித்து விடலாம்.

"நீங்க பி.காம்தானே சார், இதை ஒரு பார்வை பாருங்க. நான் முழு நேரமா இதுல இறங்கிடலாம்னு இருக்கேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார். (பி.காம் படித்தவனுக்கு இது தலையெழுத்து. கல்யாண வீட்டில் டாக்டரிடம் நாக்கை நீட்டுகிற மாதிரி, எங்களிடம் நோட்டை நீட்டுவார்கள்.)

மாசம் 60 கிலோ. கிலோ 480 ரூபாய். வரவு 28,800. பருப்பு, மிளகாய், எள்ளு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து 15,000. மில்லில் அரைக்க 1,200, பாக்கெட்டும் லேபிளும் 1,200. போக மீதி 11,400. அடியில் இரட்டைக் கோடு வேறு!

கூட்டல் சரி, கழித்தலும் சரி. விடுபட்ட வரிகளில்தான் விவகாரம்.

"வறுக்கிறதுக்கு கேஸ்?"

"அது வீட்டு கேஸ்தானே சார்."

வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, சமையலுக்கு மட்டும். வியாபாரம் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதை விடுங்கள், வழக்கத்தைவிட ஒரு சிலிண்டர் கூடவே தீர்கிறதே, அதற்குக் கொடுத்த 900 ரூபாய் எங்கே? டெலிவரிக்கு ஸ்கூட்டர் பெட்ரோல் 1,500 எங்கே? இரண்டையும் எழுதியதும் லாபம் 9,000 ஆனது. அவர் முகமும் அதே விகிதத்தில் சுருங்கியது.

அடுத்து கடன். அக்கம்பக்கத்து வாடிக்கையாளர் இருக்கிறாரே, அவரைப் போல் அன்பானவரும் கிடையாது, ஆபத்தானவரும் கிடையாது. மளிகைக் கடைக்காரர் என்றால் 'பாக்கி என்னாச்சு?' என்று ரோட்டிலேயே கேட்பார். உங்கள் பிள்ளை ஜுரத்தில் கிடந்தபோது ரசம் கொண்டு வந்து கொடுத்த எதிர்வீட்டு அக்காவிடம் 240 ரூபாயை எப்படிக் கேட்பது? அவரும் தர மாட்டேன் என்றா சொல்கிறார்? "அடுத்த தடவை சேர்த்துத் தரேம்மா" என்கிறார். நோட்டில் வரவு என்று கம்பீரமாக நின்ற 28,800-ல் 4,200 இந்த 'அடுத்த தடவை'களில் இருந்தது. சொந்தக்காரர்களுக்குப் போன 'சாம்பிள்' கணக்கிலேயே வரவில்லை. அரைக் கிலோ சாம்பிள்!

"லேபிள்ல 14 இலக்க நம்பர் போட்டிருக்கீங்களா?" என்றேன். 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு அடுப்பில் வறுத்து விற்றாலும் பதிவு செய்தாக வேண்டும். அவருக்கு அது புதுச் செய்தி.

இவ்வளவு நேரமும் அவர் மனைவி ஹாலில் உட்கார்ந்து பாக்கெட்டுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: 'கூலி'.

"கூலியா? யாருக்கு?" என்றார் நண்பர், சுற்றுமுற்றும் பார்த்து.

காமர்ஸில் முதல் பாடமே, வியாபாரம் வேறு, வியாபாரி வேறு என்பதுதான். முதலாளி போட்ட பணத்தையே, கம்பெனி அவருக்குத் தர வேண்டிய பாக்கி என்றுதான் எழுதுவார்கள். பணத்துக்கே இந்த மரியாதை என்றால் உழைப்புக்கு? மனைவிக்கு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாமியாருக்கு இரண்டு. மாசம் 25 நாளைக்கு 175 மணி. மணிக்கு வெறும் 60 ரூபாய் போட்டால்கூட 10,500. அதாவது, இந்தத் தொழில் மாசம் 1,500 நஷ்டத்தில் ஓடுகிறது. அதை நம்பித்தான் இவர் பி.எஃப் பிடிக்கிற உத்தியோகத்தை விடப் போகிறார்!

"குடும்பத்துக்குள்ள என்ன சார் கூலி..." என்று அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"அதை அடிக்காதீங்க" என்றார் அவர் மனைவி, தலை நிமிராமல். "அண்ணா எழுதினது எழுதினபடி இருக்கட்டும். மூணு வருஷமா செய்யறேன். இன்னிக்குத்தான் என் பேர்ல ஒரு வரி வந்திருக்கு."

சீல் வைக்கிற மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுத் தொழில் தேறாது என்று நான் சொல்லவில்லை. லிஜ்ஜத் அப்பளம் 1959 மார்ச் 15-ல் பம்பாய் கிர்காமில் ஒரு கட்டட மொட்டை மாடியில் ஆரம்பித்தது. ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன், முதல் நாள் நாலே பாக்கெட். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எண்பது ரூபாய்க் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அங்கே வேலை நடக்கிற விதம். மாவு பிசைவது மையத்தில். அதை வாங்கிப்போய் வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டு வந்தால், நிறுத்துப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வாங்குவதும் விற்பதும் சமையலறைக்குள் நுழைவதில்லை. தேய்த்த கைக்குக் கூலி போட்ட பிறகுதான் அப்பளத்துக்கு விலையே போடுகிறார்கள். நம் ஊரில் நேர் தலைகீழ். கடைக்காரனைவிடப் பத்து ரூபாய் குறைச்சு விலை வைத்துவிட்டு, அந்தப் பத்து ரூபாயை வீட்டுப் பெண்களின் முதுகுவலியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

மேல் மாடியில் இப்போது கிலோ 600. விலை கேட்டுச் சிலர் கழன்றுகொண்டார்கள். அறுபது கிலோ நாற்பத்தைந்து ஆகிவிட்டது. டெலிவரி கிடையாது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நண்பருக்கு முதல் மாசம் தூக்கமே இல்லை. கூலி போகவே ஐயாயிரத்துச் சொச்சம் நின்றதைப் பார்த்த பிறகுதான் தூங்கினார். பதிவும் வாங்கியாயிற்று. எதிர்வீட்டு அக்கா மட்டும் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே வந்து கால் கிலோ வாங்கிப் போனார், ரொக்கமாக. ராஜினாமாக் கடிதத்தில் நண்பர் இப்போது ஆர்டர் குறித்து வைக்கிறார். பின்பக்கம் காலியாக இருந்ததாம்.

மாசம் முதல் தேதி மனைவிக்குக் கவர். மாமியாருக்குத் தனிக் கவர். அந்தப் பணத்தில் அவர் சீட்டில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி.

போன வாரம் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அன்னிக்குக் கணக்கு எழுதினியே, ஒண்ணு விட்டுட்டே. மலைப்பூண்டுக்கும் நாட்டுப்பூண்டுக்கும் ஒரே ரேட் போட்டிருக்கான் எம் பையன். பல்லு சின்னதா இருந்தா உரிக்க எவ்வளவு நேரமாகுது தெரியுமா? வந்து எடுத்துச் சொல்லு!"