விளக்கு எரிந்தால் போதுமா?

‘செத்துப்போன’ பேட்டரியைக் கொண்டு ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கை எரிய வைக்க முடியுமா? முடியும். டிரான்சிஸ்டர் ஒன்று, 1,000 ஓம் மின்தடை ஒன்று, ஃபெரைட் வளையம் ஒன்று, கொஞ்சம் செப்புக் கம்பி ஆகியவை போதும். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இந்தச் சுற்றை ‘ஜூல் தீஃப்’, அதாவது ‘ஜூல் திருடன்’ என்று அழைக்கிறார்கள். 1999-இல் பிரிட்டனின் மின்னணுவியல் இதழ் ஒன்றில் வாசகர் ஒருவர் அனுப்பிய வரைபடம் வெளிவந்தது. அதன் பிறகு இது உலகெங்கும் பரவியது.

இப்போது பள்ளி அறிவியல் விழாக்களிலும் இச்சுற்று தலைகாட்டுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால், விளக்கு எரிந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே போன மின்னாற்றலில் எத்தனை பங்கு விளக்குக்குப் பயன்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடையாக ஓர் எண்ணைக் காட்டாத படைப்புக்குப் பரிசு தரக்கூடாது என்பதே என் கருத்து.

முதலில் இந்தத் திருடன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம். வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். புதிய ஏஏ ஆல்கலைன் மின்கலமோ 1.5 வோல்ட்தான் தரும். எனவே, வளையத்தில் இரண்டு சுருள்கள் சுற்றப்படுகின்றன. ஒரு சுருளில் மின்னோட்டம் ஏறும்போது வளையத்தில் காந்தப்புலம் வளர்கிறது. அதனால் மற்றச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், டிரான்சிஸ்டரை இன்னும் நன்றாகத் திறந்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் மின்னோட்டம் ஏற முடியாதபோது டிரான்சிஸ்டர் சட்டென்று மூடிக்கொள்கிறது. காந்தப்புலம் சரிகிறது. அதில் சேர்ந்திருந்த ஆற்றல், உயர்ந்த மின்னழுத்தத்துடன் எல்.இ.டி.க்குள் பாய்கிறது. ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை இப்படி நடப்பதால், விளக்கு விடாமல் எரிவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் திருட்டு எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் குறைகிறது. வழியில் சுருளும் டிரான்சிஸ்டரும் சிறிது ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. ஆகவே, உள்ளே போனதைவிட வெளியே வருவது எப்போதும் குறைவுதான். இத்தகைய சுற்றைக் காட்டி ‘இலவச மின்சாரம்’ என்று கதை அளக்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அளந்து பழகியவர்கள் அவற்றை நம்பமாட்டார்கள்.

‘செத்த பேட்டரி’ என்ற சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். விளையாட்டுக் கார் ஓடாமல் நின்றுவிட்டதால் மின்கலம் முழுமையாகத் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. காரின் மோட்டாருக்குப் போதாத மின்கலத்தில் இன்னும் ஆற்றல் மீதமிருக்கலாம். ஜூல் திருடன் 0.6 வோல்ட் அளவு வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால், மாதக்கணக்கில் சுவர்க் கடிகாரத்தை ஓட்டி ஓய்ந்த மின்கலத்தில் மிச்சம் அதிகம் இருக்காது. எது எப்படி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

சுருளே இல்லாத எளிய சுற்றிலும் இதே கணக்கு உண்டு. 9 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் எல்.இ.டி. ஒன்றை மின்தடையுடன் இணைத்தால், மீதி 6 வோல்ட் மின்தடையில் விழுகிறது. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் வீணாகச் சூடாகிறது. அதே வகை எல்.இ.டி. இரண்டைத் தொடராக இணைத்து, மின்தடையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மின்னோட்டம் மாறாது, ஒளி இரு மடங்காகும், இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஓம் விதி தெரிந்த இரண்டாம் படிவ மாணவரே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

ஜூல் திருடனை அளப்பது சற்றுக் கடினம். எல்.இ.டி.யின் பக்கம் மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாகச் செல்வதால் மலிவான மல்டிமீட்டர் அங்கே தவறான அளவைக் காட்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. காலணிப் பெட்டி ஒன்றை வெளிச்சம் புகாதவாறு மூடி, அதனுள் ஒளியுணர் மின்தடை ஒன்றை வையுங்கள். ஜூல் திருடனின் எல்.இ.டி.யை உள்ளே எரியவிட்டு, எத்தனை ஓம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே எல்.இ.டி.யை அதே இடத்தில் வைத்து, 5 வோல்ட் மின்சாரத்தில் 100 ஓம் மின்தடையுடனும் மாறுதடையுடனும் எரியவிடுங்கள். அதே ஓம் அளவு வரும்வரை மாறுதடையைத் திருப்புங்கள். இப்போது மின்னோட்டம் சீரானது; மல்டிமீட்டர் பொய் சொல்லாது.

மின்கலத்தின் பக்கம் மின்னோட்டமானியைத் தாண்டி, சுற்றின் இரு முனைகளுக்கிடையே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால் அங்கும் அளவு சீராகும். அங்கே 1.2 வோல்ட், 60 மில்லியம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 72 மில்லிவாட். ஒப்பீட்டு எல்.இ.டி. 3 வோல்ட், 15 மில்லியம்பியர் எடுத்தால் 45 மில்லிவாட். 45-ஐ 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 63 விழுக்காடு. நான் கேட்கும் எண் இதுதான்.

“தோட்டத்துச் சூரிய விளக்கினுள் இதே வேலையைச் செய்யும் சில்லு மலிவாகக் கிடைக்கிறதே, கையால் சுருள் சுற்றுவது எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளக்கு மட்டும் வேண்டுமென்றால் சில்லே மேல். ஆனால், அந்தச் சில்லுக்குள் நம்மால் எதையும் மாற்ற முடியாது. கையால் சுற்றிய சுருளில் 20 சுற்றுகளை 30 ஆக்கலாம், மின்தடையை மாற்றலாம், டிரான்சிஸ்டரை மாற்றலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கலாம். ஆராய்ச்சி என்பது அதுதான்.

சில எச்சரிக்கைகள்: ஆல்கலைன் மின்கலத்தை மட்டுமே பயன்படுத்துங்கள். மறுமின்னேற்ற மின்கலத்தை இந்த அளவுக்கு உறிஞ்சினால் அது கெட்டுவிடும். கசிந்த மின்கலத்தைத் தொடாதீர்கள். சோதனை முடிந்ததும் மின்கலத்தைச் சுற்றிலிருந்து கழற்றிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

முதல் முயற்சியில் 40 விழுக்காடுதான் வந்தது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அப்படியே அட்டையில் எழுதி வையுங்கள். அதை 55 ஆக்க என்ன செய்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். அருகில் பளிச்சென்று எரியும் விளக்கு இருந்தாலும், நடுவர்கள் முதலில் நின்று படிக்க வேண்டியது உங்கள் அட்டையைத்தான்.