படியில் உட்கார்ந்து படி!

‘மாடிப் படி’, ‘பாடம் படி’. இரண்டும் ஒரே ‘படி’தான். உங்களுக்கு ஒரு விநாடிகூடக் குழப்பமில்லை. கம்ப்யூட்டருக்கு இது லேசில் புரியாது. அதனால் என் ரூம்மேட்டின் மானமே போனது.

2018. அவன் ஆபீஸில் சம்பளச் சீட்டுகளை மெயிலில் அனுப்ப, பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். அதில் ஒரு விவரத்துக்கு ‘அஸிங்க்’ என்று பெயர். ‘உடனே வேண்டாம், அப்புறம் அனுப்பிக்கலாம்’ என்று அர்த்தம். மாசக் கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பைத்தான் 3.7 பதிப்பை ஏற்றிவிட்டார். ‘ஸிண்டாக்ஸ் எரர்’ என்று புரோகிராம் படுத்துவிட்டது.

“நீ என்னய்யா பண்ணினே?” என்றார் மேனேஜர்.

“ஒண்ணுமே பண்ணலை சார். நேத்துவரைக்கும் ஓடிச்சு!”

நிஜம்தான். அவன் மாறவில்லை, மொழி மாறிவிட்டது. அஸிங்க் என்பதை 2015-லேயே கட்டளைச் சொல்லாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால், பெயராக வைத்திருந்தவர்களையும் பொறுத்துக்கொண்டார்கள். 3.7-ல் அது முழு ரிசர்வ்டு. ரயிலில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவரை, ‘எழுந்திரு, இது என் சீட்’ என்று கிளப்பிவிட்ட கதை. முன்கூட்டியே அறிவித்தார்கள். யார் படித்தார்கள்?

நாம் எழுதியதை வாசித்து, எது கட்டளை, எது பெயர் என்று பிரிப்பது பார்ஸர். இலக்கண வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் பழைய வாத்தியார் அடுத்த ஒரே ஒரு சொல்லைப் பார்த்தே முடிவெடுப்பார். 2020-ல், 3.9 பதிப்பில், புது வாத்தியார் வந்தார். ஒரு விதமாக வாசித்துப் பார்த்துச் சரிவராவிட்டால், திரும்பி வந்து இன்னொரு விதமாக வாசிப்பவர்.

அந்தப் பொறுமைக்குப் பலன் 2021-ல் கிடைத்தது. 3.10-ல் ‘மேட்ச்’ என்று ஒரு புதுக் கட்டளை. ஆனால் மேட்ச் என்ற பெயர் ஏற்கெனவே ஏகப்பட்ட புரோகிராம்களில் இருந்தது. பைத்தானோடு வரும் நூலகத்திலேயே இருந்தது! ரிசர்வ் பண்ணினால் ஊரே படுத்துவிடும். எனவே ஓர் ஏற்பாடு: வரியின் ஆரம்பத்தில் மேட்ச், கடைசியில் முக்காற்புள்ளி, அடுத்த வரியில் ‘கேஸ்’ என்று வந்தால் மட்டும் கட்டளை. மற்ற இடங்களில் வழக்கம்போல் வெறும் பெயர். யார் சீட்டும் போகவில்லை.

பி.காம். மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: லெட்ஜரில் புது ஹெட் திறக்கலாம். அதற்காகப் பழைய என்ட்ரியில் கைவைக்கக் கூடாது.

ரூம்மேட் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரை மாற்றினான். சம்பளச் சீட்டுகள் மறுநாள் போய்ச் சேர்ந்தன. பைத்தானில் தமிழ் எழுத்திலும் பெயர் வைக்கலாம் என்பதால், புதுப் பெயர் ‘அப்புறம்’.

“இதை எவன் ரிசர்வ் பண்றான், பார்த்துடறேன்!” என்றான்.